மூச்சுக்காத்து கம்ப்ரசர்: பவானி மீட்புக் குழுவுக்கு எது வாங்கலாமுங்க?

கூடுதுறை_பையன்

வணக்கமுங்க. பவானியில நாங்க ஒன்பது பேர் சேர்ந்து மீட்புக் குழு வெச்சிருக்கோம். ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில காவல் நிப்போம், ஆத்துல போனவங்களைத் தேடி எடுத்துக் குடுப்போம், பக்கத்து ஊர்க் கெணறுகளுக்குத் தீயணைப்புக்காரங்க கூப்பிட்டா ஒத்தாசைக்குப் போவோம். 12 லிட்டர், 200 பார் (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு) டைவிங் சிலிண்டர் நாலு இருக்குது. கெணத்துக்குள்ள எறங்கறப்ப முதுகுல மாட்டற மூச்சுக்கருவி, பி.ஏ. செட், ரெண்டு, அதோட சிலிண்டர் 6.8 லிட்டர், 300 பார்.

காத்து ரொப்பறதுதானுங்க பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் கடலோர ஊருக்கு வண்டி அனுப்பறோம். போன வருசம் ஒரு பையனைத் தேடறப்ப மொத நாள் மதியத்துக்குள்ள நாலும் காலி. வண்டி போயிட்டு வர மறுநாள் பொழுது விடிஞ்சிருச்சு. அந்தப் பையனோட அப்பா ராத்திரி பூரா படித்துறையில செருப்பைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்திருந்தாரு. அவருகிட்ட "காத்து தீந்துபோச்சுங்க"ன்னு சொன்னது நான்தான். இனி அந்த வார்த்தையை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருக்கோம்.

இப்ப ஒரு ஜவுளிக்காரர் காத்து ரொப்பற கம்ப்ரசர் மிசின் வாங்கித் தரேன்னு சொல்லிருக்காரு. மூணு வழி கைல இருக்குது. ஒண்ணு, பெட்ரோல் எஞ்சின் வெச்ச 225 பார், நிமிசத்துக்கு 100 லிட்டர், ரெண்டு பேர் தூக்கிட்டுப் போற மாதிரி. ரெண்டு, த்ரீ பேஸ் மோட்டார், 300 பார், 200 லிட்டர். மூணாவது, தெரிஞ்ச பட்டறைக்காரர் ஒருத்தர் "பழைய கம்ப்ரசரை மாத்தி அமைச்சுத் தரேன், பாதிக் காசுல முடிஞ்சுரும்"கறாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிக்_திருச்செங்கோடு

தம்பி, நல்ல காரியம். எதுக்கு வெளியில தேடறீங்க? எங்க போர்வெல் வண்டியில இருக்கற கம்ப்ரசர் 1100 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு 1100 கன அடி காத்து), 300 பிரசர். உங்க நாலு சிலிண்டரும் கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ரொம்பிரும். வண்டி ஊர்ல நிக்கற நாள்ல கூப்பிடுங்க, காசே வேண்டாம்.

சூலூர்_ஃபிட்டர்

ரிக் அண்ணா, உங்க மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்த 300 வேற, இந்த 300 வேறங்க. உங்க வண்டியில இருக்கறது 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுங்கற அளவு), பார்ல சொன்னா சுமார் 21. தம்பியோட பி.ஏ. சிலிண்டருக்கு வேணும்கறது 300 பார், பிஎஸ்ஐல 4,350. உங்க மிசின் மலையவே கொடையும், அதுக்கு வேண்டியது அளவு. இங்க அளவு கொஞ்சம் போதும், அழுத்தம்தான் எச்சா வேணும். அழுத்தத்தைவிட முக்கியம், ரிக் கம்ப்ரசர் காத்துல எண்ணெய் வரும், டீசல் புகை வரும். பாறைக்கு அதனால ஒண்ணுமில்லை. நெஞ்சுக்கூட்டுக்கு ஆகாதுங்க.

கோயமுத்தூர்ல கம்ப்ரசர் செய்யறதுக்கு ஆள் இல்லாமலா? எல்ஜி மாதிரி கம்பெனி 1960லருந்து இங்கதான் இருக்குது. ஆனா தறிக்கும் மில்லுக்கும் பட்டறைக்கும் ஓடற கம்ப்ரசர் 7, 8, 10 பார் காத்து குடுக்கறதுக்குன்னு செஞ்சது. மூச்சுக்காத்து மிசின் மூணு நாலு கட்டமா அழுத்திக்கிட்டே போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மிசினுக்குள்ள இருக்கற சிலிண்டர் சிறுத்துக்கிட்டே வரும், கடைசிக் கட்டத்துப் பிஸ்டன் விரல் மொத்தம்தான் இருக்கும். "மாத்தி அமைச்சு" அதைக் கொண்டுவர முடியாது. அந்த மூணாவது வழியை இப்பவே விட்டுருங்க தம்பி. நான் 22 வருசமா இந்த வேலைதான் பாக்கறேன், நானே செஞ்சு தரமாட்டேன்.

ரிக்_திருச்செங்கோடு

பாருக்கும் பிஎஸ்ஐக்கும் உள்ள வித்தியாசம் இத்தனை நாள் எனக்கு ஒறைக்கவே இல்லை. சரிங்க. அப்ப மிசினுக்கு என்னால ஆன பணம் போடறேன். தனியா மெசேஜ் பண்றேன் தம்பி.

வெள்ளகோவில்_தோட்டம்

ஒரு சந்தேகமுங்க. கொரோனா சமயத்துல வாங்குன ஆக்சிஜன் சிலிண்டர் நெறைய இடத்துல சும்மா கெடக்குது. அதை மாட்டிட்டு எறங்கினா ஆகாதுங்களா? சுத்தமான பிராணவாயுதானே?

அணைக்கட்டு_டைவர்

கண்டிப்பா கூடாதுங்க. சுத்த ஆக்சிஜன் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கீழ வெசமாயிரும். வலிப்பு வரும், தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா வாயில இருக்கற ரெகுலேட்டர் கழண்டிரும். அப்புறம் பேச்சே இல்லை. நம்ம காட்டுக் கெணறு 60 அடி, 80 அடின்னு இருக்குது, தண்ணி எத்தனை ஆழம்னு எறங்கற வரைக்கும் தெரியாது. இன்னொண்ணு, ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தா தீப்பிடிக்கும். எண்ணெய் பட்ட கையால அந்த வால்வைத் தொடறதே ஆபத்து. அதே மாதிரி ஆக்சிஜன் சிலிண்டர்ல கம்ப்ரசர் காத்தை ரொப்பறதும் கூடாது.

கம்ப்ரசர் பத்தி என் அனுபவத்தைச் சொல்லிடறேன். அணை மதகுக்குக் கீழ வேலை, இருபது மீட்டர். ஒப்பந்தக்காரர் பெட்ரோல் கம்ப்ரசரை மெதவை மேலயே வெச்சு, முந்துன நாள் சாயங்காலம் சிலிண்டர் ரொப்பினாங்க. காலையில காத்து ஒரு பக்கம் அடிச்சுது, மசங்கற நேரத்துல திரும்பிருச்சு. எஞ்சின் புகை, காத்து இழுக்கற குழாய் வாய்க்கே போயிருக்குது. மறுநாள் எறங்கி பத்து நிமிசத்துல நெத்திப்பொட்டு ரெண்டும் வலிக்க ஆரம்பிச்சுது. வாந்தி வர மாதிரி இருந்துது. காத்துல எந்த வாசமும் இல்லை, நாக்குல எந்த ருசியும் இல்லை. மேல ஏறி வந்ததுக்கப்புறம் கூட இருந்த மூத்தவர் என் சிலிண்டரைத் தொறந்து, வாயு பட்டா நெறம் மாறற சோதனைக் குழாய் வெச்சுப் பாத்தப்பதான் கார்பன் மோனாக்சைடுங்கற வெசவாயுன்னு தெரிஞ்சுது.

கணக்கு இப்படி: ரொப்பற காத்துல 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) இருக்குதுன்னு வைங்க. 20 மீட்டர்ல அழுத்தம் மூணு மடங்கு, உடம்புக்கு அது 60 பிபிஎம் மாதிரி. 30 மீட்டர்ல 80. அதனால டைவருக்கு ரொப்பற காத்து ரொம்ப ரொம்பச் சுத்தமா இருக்கோணும்.

இத்தனைக்கும் சொல்றேன், நான் பெட்ரோல் மிசினுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தேடற எடத்துக்குக் கரண்டு வராது. மிசின் ஆத்தங்கரைக்கு வரோணும். புகைக் குழாய்க்கும் காத்து வாய்க்கும் நடுவுல நீள ஹோஸ் போட்டு, காத்து அடிக்கற பக்கமா உசரத்துல கட்டுங்க. திசை மாறுதான்னு பாக்க ஒரு ஆளை நிறுத்துங்க.

சூலூர்_ஃபிட்டர்

டைவர் அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு சரி, கடைசிப் பத்தியைத் தவிர. அதுக்கு அப்புறம் வரேன். மொதல்ல பில்டரைப் பத்திச் சொல்லிடறேன், நம்ம பக்கம் எல்லாரும் ஏமாந்துபோறது அங்கதான்.

விலைப் பட்டியல்ல எல்லாரும் ரெண்டு நம்பரைத்தான் பாக்கறாங்க, எத்தனை பார், எத்தனை லிட்டர். நான் மொதல்ல பாக்கறது பில்டர் குழாய் எத்தனை நீளம், உள்ள என்னென்ன இருக்குதுங்கறது. அழுத்தும்போது காத்துல இருக்கற தண்ணி தனியா பிரியும். கட்டத்துக்குக் கட்டம் குளுந்து, சொட்டுச் சொட்டாச் சேர்ந்து, வடிகால் வால்வுக்கு வரும். அந்த வால்வைத் தொறந்து பாருங்க, சீறிக்கிட்டு வர்றது தண்ணி மாதிரியே இருக்காது. எண்ணெயும் தண்ணியும் கலந்து, பால் எச்சா ஊத்துன டீ நெறத்துல இருக்கும். கையில எடுத்துத் தேச்சா வழவழங்கும். அது வெளிய வரலைன்னா எங்க போகும்? பில்டருக்குத்தான். அதனால கையால வடிக்கற மிசினா இருந்தா பத்துப் பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் வடிச்சே ஆகோணும்.

மிச்சம் ஆவியா இருக்கறது, பில்டர் குழாய்க்குள்ள மாத்தி மாத்திப் போடற கார்ட்ரிட்ஜுக்குள்ள போகும். அங்க மாலிக்குலர் சீவ் தண்ணியை உறிஞ்சும், ஆக்டிவேட்டட் கார்பன் எண்ணெய் ஆவியையும் வாசத்தையும் புடிக்கும், ஹாப்கலைட் கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடா மாத்தும். ஹாப்கலைட்டுக்கு ஈரம் ஆகாது. சீவ் நனைஞ்சு போச்சுன்னா அப்புறம் ஹாப்கலைட் இருந்தும் இல்லாத மாதிரிதான். விலை கம்மியான கார்ட்ரிட்ஜ் சிலதுல ஹாப்கலைட்டே இருக்காது, கேட்டு வாங்குங்க.

இப்ப நம்ம வெயிலுக்கு வாங்க. கெட்டியா ஈரம் புடிச்ச காத்து 30 டிகிரியில ஒரு கன மீட்டர்ல 30 கிராம் தண்ணி வெச்சிருக்கும். 50 டிகிரியில 83 கிராம். கம்பெனிக்காரன் புத்தகத்துல போட்டிருக்கற மணிக்கணக்கு பெரும்பாலும் வெளியில 20 டிகிரின்னு வெச்சுப் போட்டது, பில்டருக்கு வர்ற காத்து அதைவிடப் பத்து டிகிரி சூடா, 30ல இருக்கும். சித்திரை மாசம் கரூர் பரமத்தி பக்கமோ ஈரோடு பக்கமோ 40 டிகிரி அடிக்கறப்ப, பில்டருக்கு 50 டிகிரிக் காத்து வரும். கார்ட்ரிட்ஜ் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு நேரத்துல ரொம்பிரும். புத்தகத்துல 30 மணி நேரம்னு இருந்தா இங்க 11 மணி நேரம். தகரக் கூரைக்கு அடியில வெச்சா இன்னும் கம்மி. நான் போய்ப் பாத்த ஒரு எடத்துல புத்தகக் கணக்கை நம்பி ஓட்டிருந்தாங்க, கார்ட்ரிட்ஜைக் கழட்டினா ஈரத் துணி மாதிரி கனத்துது. அந்தக் காத்துல எத்தனை பேர் மூச்சு விட்டாங்களோ, நெனச்சாலே அன்னைக்குச் சோறு எறங்கலை.

அதனால ஒரு நோட்டுப் போடுங்க. ஹவர் மீட்டர் காட்டற, மிசின் ஓடுன மணிக்கணக்கு, அன்னைக்கு வெயில், வடிச்ச நேரம், கார்ட்ரிட்ஜ் மாத்துன தேதி. ரொப்பறதை விடியக்காலம் வெச்சுக்குங்க. எண்ணெய் மூச்சுக்காத்துக்குன்னு சொன்ன சிந்தட்டிக் எண்ணெய் மட்டும் ஊத்துங்க. சாதா எண்ணெய் ஊத்தினா சூட்டுல வால்வு மேல கரி புடிக்கும், அந்தக் கரி கருகினா மிசினுக்குள்ளயே கார்பன் மோனாக்சைடு உண்டாகும். எஞ்சின் புகையே இல்லாத மோட்டார் மிசின்லயும் இது நடக்கும்.

சாயப்பட்டறை_சேஃப்டி

பெருந்துறை பக்கம் பாதுகாப்பு அலுவலரா இருக்கேன். காத்து இழுக்கற எடத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பில்டர் எல்லாத்தையும் புடிக்காது. மிசின் வைக்கற அறைக்குப் பக்கத்துல ஜெனரேட்டர், பாய்லர், செப்டிக் டேங்க், பெயின்ட் அடிக்கற எடம், எது இருந்தாலும் அந்தக் காத்துதான் சிலிண்டருக்குள்ள போகும். குழாயைக் கூரைக்கு மேல ஏத்தி, வாயைக் கீழ் நோக்கி வளைச்சு, வலை கட்டுங்க.

எங்க வேலையில தொட்டிக்குள்ள எறங்கறவங்களைப் பாக்கறேன். கழிவுநீர்த் தொட்டியில ஹைட்ரஜன் சல்ஃபைடு மொதல்ல அழுகின முட்டை வாசம் அடிக்கும், அளவு கூடினா மூக்கே மரத்துப்போயிரும், வாசம் போயிருச்சுன்னு நெனச்சு எறங்குவாங்க. அவங்களைத் தூக்க எறங்கறவங்களும் விழுவாங்க. மூக்குல கட்டற பில்டர் மாஸ்க் ஆக்சிஜன் குடுக்காது. ஆலைக் காத்துக் குழாயில ஹோஸ் மாட்டி மூச்சு விட வைக்கற வழக்கமும் சில எடத்துல இருக்கு, அது எண்ணெய்க் காத்து. நைட்ரஜன் லைனும் அதே மாதிரி கப்ளிங்ல (குழாய் இணைப்பு) இருந்தா மாத்தி மாட்டிருவாங்க, ரெண்டு மூச்சுல ஆள் சாய்ஞ்சிரும். மூச்சுக்காத்துக் கப்ளிங் வேற எதுலயும் பொருந்தாத அளவுல இருக்கணும்.

கம்ப்ரசர்காரங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க தம்பி: ஐரோப்பிய அளவு ஈ.என். 12021 படி காத்து வருமான்னு. கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம்முக்கு மேல போகக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு 500 பிபிஎம், எண்ணெய் கன மீட்டருக்கு அரை மில்லிகிராம், மிசின் வாயில தண்ணி 25 மில்லிகிராம். கடைசியா சொன்னது சிலிண்டர் உள்ள துரு புடிக்காம இருக்கறதுக்கும். வாங்குன அன்னைக்குச் சோதிச்சாப் போதாது, மூணு மாசத்துக்கு ஒரு தரம் சோதனைக் குழாய் வெச்சுப் பாருங்க.

கூடுதுறை_பையன்

அக்கா, அண்ணாங்க எல்லாருக்கும் நன்றிங்க. கெணறு விசயத்துல ஒண்ணு கேக்கோணும். எங்க பக்கம் பெரியவங்க லாந்தரைக் கயித்துல கட்டி எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆளை எறக்குவாங்க. வெளக்கு எரிஞ்சா எறங்கலாம்பாங்க. அது நம்பலாமுங்களா?

நிலைய_அலுவலர்_ஓய்வு

தீயணைப்புத் துறையில முப்பது வருடம் இருந்தவன். விளக்கு அணைந்தால் அந்தக் கிணற்றில் ஆக்சிஜன் குறைவு என்று நம்பலாம். விளக்கு எரிந்தால் ஆபத்து இல்லை என்று நம்பக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடை விளக்கு காட்டாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வைக்கும் தீயாகிவிடும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு, 19.5க்குக் கீழே போனால் கருவி அலற வேண்டும். கம்ப்ரசர் பணத்தில் மிச்சம் பிடித்தாவது நான்கு வாயு அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள். கிணற்றுப் படியில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்த கிணறு என்றால், எஞ்சின் புகை உள்ளே தங்கியிருக்கலாம், இரண்டு மடங்கு கவனம்.

இனி உங்கள் கேள்வி. பெட்ரோல் மிசினின் 225 பார் உங்கள் டைவிங் சிலிண்டருக்குப் போதும். பி.ஏ. செட் சிலிண்டர் முக்கால் பங்குதான் நிரம்பும். முழுதாக நிரம்பினால் 6.8 லிட்டர், 300 பார், ஏட்டுக் கணக்கில் 2,040 லிட்டர். கிணற்றில் ஆளைத் தூக்கும் வேலையில் நிமிடத்துக்கு 40 முதல் 60 லிட்டர் இழுப்பீர்கள். 55 பாரில் செட்டின் எச்சரிக்கை விசில் அடிக்கும், அதற்குள் மேலே இருக்க வேண்டும். முக்கால் சிலிண்டரோடு 80 அடி இறங்கி ஏறுவது என்றால் வேலை செய்யக் கையில் மிஞ்சும் நேரம் மிகவும் குறைந்துவிடும். ஆகவே 300 பார்.

டைவர் தம்பி சொல்லும் கரண்டுப் பிரச்சினைக்கு வழி உண்டு. மிசினை ஊரிலே நிலையாக வையுங்கள். 50 லிட்டர், 300 பார் பேங்க் சிலிண்டர் இரண்டு வாங்கி அதில் காற்றைச் சேர்த்து, வண்டியில் சட்டம் போட்டு நிறுத்துங்கள். ஆற்றங்கரைக்கு அந்த வண்டிதான் போக வேண்டும். 200 லிட்டர் மிசினுக்கு இரண்டையும் காலியிலிருந்து நிரப்ப இரண்டரை மணி நேரம். அவை 300லிருந்து 200 பாருக்கு இறங்குவதற்குள் உங்கள் 12 லிட்டர் சிலிண்டர் ஐந்தை 50 பாரிலிருந்து 200க்கு நிரப்பலாம் என்று கணக்கு வரும். 300 பார் பக்கம் காற்று கணக்கைவிடக் குறைவாகவே அடங்கும், நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு அந்தத் தகப்பனார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அந்த நான்கு சிலிண்டரும் போதுமாக இருந்திருக்கும்.

200 பாருக்கும் 300 பாருக்கும் தனித்தனி ஹோஸ், தனித்தனி சேஃப்டி வால்வு. 200 பார் சிலிண்டரை 300 லைனில் மாட்டிவிட்டால் வெடிகுண்டுதான். நிதானமாக நிரப்புங்கள், சிலிண்டர் சூடாகி ரொம்பினால் ஆறிய பிறகு அழுத்தம் இறங்கிவிடும். சிலிண்டர் தோளில் குத்தியிருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதியைப் பார்க்காமல் ஒன்றையும் மாட்டாதீர்கள். கேஸ் சிலிண்டர் விதிகள் 2016 படி, பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் ஒன்றிய அரசு அமைப்பு) ஒப்புதல் இல்லாத சிலிண்டரை நிரப்பக் கூடாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொடுத்தாலும் அப்படியே. நிரப்பும் உரிமம் பற்றிச் சென்னை பெசோ அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மிசினுக்கு முன்பணம் கொடுங்கள்.

அணைக்கட்டு_டைவர்

ஐயா சொல்ற பேங்க் வண்டி நல்ல ரோசனைதான். ஆனா தேடுதல் மூணாவது நாளுக்குப் போச்சுன்னா? அந்தியூர் மலைப்பக்கம், பவானிசாகர் மேல்கரைன்னு போனா வண்டி திரும்பி வரவே அரை நாள். பெட்ரோல் மிசின் வேண்டாம்னு நான் ஒத்துக்கமாட்டேன்.

சூலூர்_ஃபிட்டர்

ஒத்துக்க வேண்டாமுங்ணா. ரெண்டாவது மிசினா பின்னாடி வாங்கட்டும். மொத மிசினை ஓட்டக் கத்துக்கற பசங்க கையில பெட்ரோல் எஞ்சினைக் குடுத்தா, உங்களுக்கு மெதவையில நடந்ததே நடக்கும். உங்க கூட மூத்தவர் ஒருத்தர் இருந்தாரு, சோதனைக் குழாய் வெச்சிருந்தாரு. இவங்களுக்கு இன்னும் யாரும் இல்லை. தம்பி, உங்க ஒன்பது பேர்ல மிசினுக்குன்னு ரெண்டு பேரைப் பிரிங்க, அவங்க அன்னைக்குத் தண்ணியில எறங்கக் கூடாது. த்ரீ பேஸ் எந்த நேரத்துக்கு வருதுன்னும் பாத்துக்குங்க, தோட்டத்து லைன்னா சில எடத்துல முறை வெச்சுத்தான் வரும். ஊருக்குள்ள கனெக்சன் வாங்குங்க. 200 லிட்டர் மிசினுக்குச் சுமார் 4 கிலோவாட் மோட்டார், பெரிய செலவில்லை.

கூடுதுறை_பையன்

பன்னண்டு நாள் கழிச்சு எழுதறேனுங்க. த்ரீ பேஸ், 300 பார்தான்னு முடிவு பண்ணிட்டோம். ஜவுளிக்காரர் மிசினுக்கும், ரிக் அண்ணா பேங்க் சிலிண்டர் ரெண்டுக்கும் பணம் தராங்க. வாயு அளக்கற கருவிக்கு நாங்க ஒன்பது பேரும் பிரிச்சுப் போட்டோம். பெசோவுக்குக் கடிதம் போயிருச்சு, பதில் வர்ற வரைக்கும் முன்பணம் குடுக்கலை.

ஓடிட்டிருக்கற மிசின் ஒண்ணை ஒரு எடத்துல நேர்ல போய்ப் பாத்தோம். ஃபிட்டர் அண்ணா சொன்னாப்பல வடிகாலைத் தொறக்கச் சொன்னேன். டீ நெறத்துலதான் வந்துது. ஹவர் மீட்டர் நோட்டு கேட்டேன், அவங்ககிட்ட இல்லை.

மிசின் வைக்க எங்களுக்குக் குடுத்திருந்த அறையை வேண்டாம்னுட்டோம். பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் பேக்கரி அடுப்பு, வெறகுப் புகை சாயங்காலம் ஜன்னல் வழியா உள்ளயே வருது. இப்ப பள்ளிக்கூடத் தெருவுல மாடி அறை ஒண்ணு பாத்திருக்கோம், ஓட்டுக் கூரை, ரெண்டு பக்கம் காத்தோட்டம். குழாய் வாய் எந்தப் பக்கம் வைக்கறதுன்னு ஆடிக்காத்து அடிக்கறப்ப ஒரு வாரம் துணி கட்டிப் பாக்கப் போறோம். மிசினுக்குப் பிரிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தன் என் தம்பி. அவனை ஒரு நாள் சூலூருக்கு அனுப்பட்டுங்களா அண்ணா?

சூலூர்_ஃபிட்டர்

ஞாயித்துக்கெழமை காலையில அனுப்புங்க. பழைய கார்ட்ரிட்ஜ் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், புதுசு ஒண்ணும் இருக்குது. ரெண்டையும் கையில குடுத்து எடை பாக்கச் சொல்றேன்.